கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சன்

கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சன் (பெப்ரவரி 1, 1888 - ஏப்ரல் 18, 1985) ஒரு பிரித்தானியத் தொல்லியலாளர் ஆவார். எகிப்தின் பையூம் பகுதியில் புதிய கற்கால வேளாண் குடியிருப்புகளைக் கண்டறிந்தவர் இவர். தென் ஆப்பிரிக்கப் பெருநிலத்தில் உள்ள பெரும் சிம்பாப்வே என்னும் கல்மதில் நகரத்தைக் கட்டியவர்கள் அப்பகுதியின் ஆப்பிரிக்க மக்களே என்பதை 1929 ஆம் ஆண்டில் அகழாய்வின் மூலம் நிறுவியமைக்காகவே இவர் பெரிதும் அறியப்படுகிறார். அந்நகரத்தைப் பினீசியர்களோ அராபியர்களோ கட்டியிருக்க வேண்டும் என்ற கருத்து அக்காலத்தில் ஐரோப்பியக் குடியேற்றக்காரர்களிடையே வலுவாக வேரூன்றியிருந்தது. இவருடைய முடிவு ஆய்வுலகில் ஏற்கப்பட்டது. குடியேற்றக்காரர்களிடையே எழுந்த எதிர்ப்போ இவர் முதுமை எய்தும்வரை அடங்கவில்லை.

இளமைக்காலம்

கெர்ட்ரூட் இலண்டனில் வில்லியம் கேட்டன் தாம்சன், எதெல் பேஜ் ஆகியோருக்கு மகளாகப் பிறந்தார். இவருக்கு ஐந்து வயதானபோது தந்தை காலமானார். தாய் 1900 ஆம் ஆண்டில் மறுமணம் செய்துகொண்டார். வசதியான குடும்பத்துப் பெண்களுக்கு அக்காலத்தில் கிடைத்த அளவான பள்ளிக்கல்வியே இவருக்கும் கிடைத்தது. உரிய வயதில் பல்கலைக்கழகம் செல்லவில்லை. பெண்களுக்கு வாக்குரிமை கோரிய இயக்கத்தில் இளமையிலேயே ஈடுபட்டார்.

1911 ஆம் ஆண்டில் தாயுடன் எகிப்துக்குச் சென்ற பயணம் இவருக்குப் பழங்காலத்தின்மீது ஆர்வத்தை ஊட்டியது. அடுத்த ஆண்டில் கிடைத்த குடும்பச் சொத்து இவரைப் பொருளாதார அடிப்படையில் தன்னிறைவு உடையவராக்கியது. பிற்காலத்தில் எந்த நிறுவனத்தின் ஊதியத்தையும் நம்பாமல் இவர் ஆய்வு செய்ய முடிந்ததற்கு இதுவே காரணம். முதல் உலகப் போரில், இவர் நேசித்த படை அதிகாரி ஒருவர் 1916 இல் உயிரிழந்தார். கெர்ட்ரூட் பின்னர் திருமணம் செய்துகொள்ளவில்லை. போர்க்காலத்தில் பிரித்தானியக் கப்பல் போக்குவரத்து அமைச்சில் பணியாற்றினார். அப்பணியின் பகுதியாகப் பாரிசு அமைதி மாநாட்டுக்கும் சென்றார்.

1921 ஆம் ஆண்டில், தமது 33 ஆவது வயதில், இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே பிளின்டர்சு பெட்ரி, மார்கரெட் மரே ஆகியோரிடம் எகிப்தியலும் தொல்லியலும் பயின்றார். பின்னர் கேம்பிரிட்ச் நியூன்ஹாம் கல்லூரியிலும் பாடங்கள் கேட்டார்.

எகிப்தில் ஆய்வுகள்

பெட்ரியின் குழுவினர் மேல் எகிப்தில் பெரும்பாலும் இடுகாடுகளையே தோண்டினர். கல்லறைகளில் முழுமையான பாண்டங்களும் அணிகலன்களும் கிடைத்ததால் அருங்காட்சியகங்களும் அவற்றையே விரும்பின. 1924 இல் கேட்டன்-தாம்சன் வேறு வழியைத் தேர்ந்தார். பதாரிக்கு அருகிலுள்ள ஹமாமியே என்னுமிடத்தில் மக்கள் வாழ்ந்த சிறு குடியிருப்பு மேடு ஒன்றை அவர் தோண்டினார். ஆறு அங்குல ஆழம் கொண்ட தட்டுகளாக மண்ணை அகற்றி, ஒவ்வொரு தட்டிலும் கிடைத்த ஓட்டையும் கல்லையும் அவை இருந்த இடத்துடன் பதிவு செய்தார். பதாரிப் பண்பாட்டுக்குரிய மட்பாண்டங்கள் அடியிலும் நகாதாப் பண்பாட்டுக்குரியவை அவற்றின் மேலும் அமைந்திருந்தன. ஆகவே எது முந்தியது என்பதைப் பாண்டங்களின் வடிவ மாற்றத்திலிருந்து ஊகிக்க வேண்டிய தேவை இல்லாமற் போயிற்று. மண்ணடுக்கே அதைக் காட்டியது. ஐந்து ஆண்டுகளுக்குப் பின் சிம்பாப்வேயில் இவர் கையாண்டதும் இதே முறைதான்.

இக்காலத்தில் இவர் ஒரு வெற்றுக் கல்லறையில் தங்கியிருந்தார் என்றும், அதே கல்லறையில் நாகப்பாம்புகளும் வசித்தன என்றும், கழுதைப்புலிகளை விரட்டத் தலையணைக்கு அடியில் கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்றும் கூறப்படுகிறது.

பின்னர் புவியியலாளரான எலினோர் வைட் கார்ட்னருடன் சேர்ந்து பையூம் பாலைவனத்தின் வடபகுதியை ஆராய்ந்தார். பழைய ஏரியின் கரைகள் எந்தெந்தக் காலத்தில் எந்த மட்டத்தில் இருந்தன என்பதைக் கார்ட்னர் கணித்தார். அந்தக் கரைகளை ஒட்டி மனிதர் வாழ்ந்த தடயங்களைக் கேட்டன்-தாம்சன் தேடினார். தரையில் குழிதோண்டி வைக்கோற் பாய் விரித்து அமைத்த தானியக் குழிகள், அவற்றுள் கோதுமை, வாற்கோதுமை மணிகள், தீக்கல் பற்கள் பதித்த மர அரிவாள் ஆகியவை கிடைத்தன. எகிப்தில் அதுவரை அறியப்பட்ட வேளாண்மைச் சான்றுகளுள் இவையே மிகப் பழையவை. கதிரியக்கக் கரிமக் காலக்கணிப்பு முறையை வகுத்த வில்லார்டு லிபி, தொடக்கத்தில் சோதித்த பொருட்களுள் இந்தத் தானியமும் ஒன்று. ஆய்வின் முடிவுகள் 1934 இல் நூலாக வெளியாயின. பையூமில் கண்ட இரு பண்பாடுகளுள் ஒன்றைப் பிந்தியது, சீர்குலைந்தது என இவர் கருதினார். உண்மையில் அதுவே முந்தியது என்பது பிற்கால ஆய்வுகளால் தெரியவந்தது.

பெரும் சிம்பாப்வே: ஆய்வுக்கு முந்தைய நிலை

பெரும் சிம்பாப்வே இன்றைய சிம்பாப்வே நாட்டில் மசுவிங்கோ நகருக்கு அருகில் உள்ளது. சாந்து எதுவும் இன்றிக் கருங்கற் பாளங்களை அடுக்கிக் கட்டிய மதில்கள் குன்றின் மீதும் கீழேயுள்ள பள்ளத்தாக்கிலும் பரந்து கிடக்கின்றன. இவற்றுள் மிகப் பெரிய சுற்றுமதில் சுமார் 250 மீட்டர் சுற்றளவு உடையது. சில இடங்களில் அதன் உயரம் 11 மீட்டரை எட்டுகிறது. அதனுள்ளே கூம்பு வடிவக் கோபுரம் ஒன்று உள்ளது. மாக்கல்லில் செதுக்கிய பறவை உருவங்களும் இங்கே கிடைத்தன. சிம்பாப்வே என்ற சொல், கல் வீடுகள் என்னும் பொருள்படும் சோனா மொழித் தொடரிலிருந்து வந்ததாகக் கூறுவர்.

1871 இல் இங்கு வந்த செருமானியப் பயணி கார்ல் மவுக், ஒரு மரத்துண்டின் நிறத்தையும் மணத்தையும் கொண்டு அது லெபனான் தேவதாரு என முடிவு செய்தார். அதிலிருந்து இந்நகரம் விவிலியத்தில் வரும் சேபா நாட்டு அரசியுடன் தொடர்புடையது என்ற எண்ணம் பரவியது. 1890 இல் செசில் ரோட்சின் நிறுவனம் இந்நிலப்பகுதியைக் கைப்பற்றியது. அடுத்த ஆண்டில் அந்நிறுவனத்தின் ஆதரவுடன் வந்த தியோடர் பென்ட், பழங்கால அராபியர் கட்டியதாக எழுதினார். முன்னொரு காலத்தில் வெளியிலிருந்து வந்த நாகரிகம் ஒன்று இங்கே ஆண்டது என்று காட்டினால், இப்போது வந்தவர்களின் ஆட்சியும் அதன் தொடர்ச்சியாகத் தோன்றும். இடிபாடுகளின் வரலாறு நில உரிமையின் வரலாறாகவும் ஆனது இப்படித்தான்.

கருத்துகளைவிடப் பெரிய கேடு மண்வெட்டிகளால் நேர்ந்தது. 1895 இல் அமைக்கப்பட்ட ஒரு நிறுவனம், நாட்டிலுள்ள பழைய இடிபாடுகளில் பொன் தேடித் தோண்டுவதற்கு உரிமம் பெற்றிருந்தது. பெரும் சிம்பாப்வே அந்நிறுவனத்திடமிருந்து தப்பியது. ஆனால் அதன் பாதுகாவலராக 1902 இல் நியமிக்கப்பட்ட ரிச்சர்டு ஹால் என்பவரிடமிருந்து தப்பவில்லை. மேலேயிருந்த மண்ணை ஆப்பிரிக்கர் பிற்காலத்தில் சேர்த்த குப்பை எனக் கருதிய அவர், உண்மையான பழங்காலத்தைக் காணும் நோக்கில் பல அடி ஆழத்துக்கு அதை அள்ளி வெளியே எறிந்தார். நகரத்தைக் கட்டி வாழ்ந்தவர்களின் அடுப்புச் சாம்பலும் பாண்ட ஓடுகளும் வீட்டுத் தளங்களும் அந்த மண்ணிலேயே இருந்தன.

1905 இல் பெட்ரியின் மற்றொரு மாணவரான டேவிட் ராண்டல்-மக்கைவர் இங்கு ஆய்வு நடத்தினார். கட்டடங்கள் இடைக்காலத்தைச் சேர்ந்தவை, ஆப்பிரிக்கருடையவை என்று அவர் 1906 இல் எழுதினார். ஹால் அதை மறுத்து ஒரு பெரிய நூலே வெளியிட்டார். குடியேற்றக்காரர்கள் ஹாலின் பக்கமே நின்றனர்.

1929 ஆம் ஆண்டு அகழாய்வு

பிரித்தானிய அறிவியல் முன்னேற்றச் சங்கம் தனது 1929 ஆம் ஆண்டுக் கூட்டத்தைத் தென் ஆப்பிரிக்காவில் நடத்தத் திட்டமிட்டிருந்தது. அதையொட்டி இச்சிக்கலைத் தீர்க்கும்படி 1928 இல் கேட்டன்-தாம்சனை அழைத்தது. அவர் டாரதி நோரி, கேத்லீன் கென்யன் என்னும் இரு பெண்களைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். கென்யன் அப்போதுதான் ஆக்சுபோர்டில் படிப்பை முடித்திருந்தார். பிற்காலத்தில் எரிக்கோ அகழாய்வுகளால் உலகப்புகழ் பெற்ற கென்யனுக்கு இதுவே முதல் களப்பணி. தோண்டும் வேலையை அவ்வூர் ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள் செய்தனர். பெண்கள் மட்டுமே நடத்திய அகழாய்வு என்பதால் இதுவே அக்காலத்தில் தனிச் செய்தியானது.

கேட்டன்-தாம்சன் எதிர்கொண்ட முதன்மைச் சிக்கல், எங்கே தோண்டுவது என்பதே. புகழ்பெற்ற பெரிய சுற்றுமதிலின் உட்புறம் ஏறத்தாழ வெறுமையாக்கப்பட்டிருந்தது. ஒரு கட்டடத்தின் காலத்தை அறிய, அதன் சுவருக்கு அடியில் உள்ள அடுக்கும் சுவர் கட்டியபின் படிந்த அடுக்கும் கலையாமல் கிடைக்க வேண்டும். ஆகவே பார்வையாளர்கள் எட்டிப்பாராத, பள்ளத்தாக்கிலிருந்த மவுண்டு இடிபாடு என்னும் சிறு கட்டடத் தொகுதியை அவர் தேர்ந்தார். அங்கே களிமண்ணும் சரளையும் கலந்து இறுக்கிய தளங்கள் உடையாமல் இருந்தன. ஒரு தளத்துக்கு அடியில் அகப்பட்ட பொருள் பின்னர் எவராலும் அங்கே நழுவி விழுந்திருக்க முடியாது. தளத்தை உடைக்குமுன் அதன் பரப்பு முழுவதையும் வரைபடமாக்கினார். குன்றின் மீதுள்ள மேடைகளிலும் பள்ளங்கள் வெட்டினார். பெரிய மதிலின் உள்ளே, கூம்புக் கோபுரத்தின் அடியிலும் தோண்டிப் பார்த்தார். பலர் எதிர்பார்த்திருந்த புதையலோ கல்லறையோ அங்கே இல்லை. வானூர்தியிலிருந்து இடிபாடுகளைப் பார்வையிட்டதில் குன்றுக்கு ஏறும் பழைய பாதை ஒன்றும் தெரியவந்தது. ஆப்பிரிக்காவில் தொல்லியலுக்கு வானூர்தியைப் பயன்படுத்திய முன்னோடிகளுள் இவரும் ஒருவர்.

கிடைத்த சான்றுகள் இருவகைப்பட்டன. அடித்தளம் முதல் மேற்பரப்பு வரை எல்லா அடுக்குகளிலும் இருந்த மட்பாண்டங்கள் உள்நாட்டவை. அப்பகுதி மக்கள் இவர் வந்த காலத்திலும் செய்துவந்த பாண்டங்களுடன் அவை தொடர்பு கொண்டிருந்தன. இரும்புக் கருவிகளும் வீட்டுத் தளங்களும் அவ்வாறே. மற்றொரு வகை வெளிநாட்டுப் பொருட்கள். கண்ணாடி மணிகளும் சீனப் பீங்கான் துண்டுகளும் இந்தியப் பெருங்கடல் வணிகத்தால் வந்தவை. முதல் வகை கட்டியவர் யார் என்பதையும், இரண்டாம் வகை எப்போது என்பதையும் காட்டின. வெளிநாட்டுப் பொருட்கள் உள்ளதே வெளிநாட்டவர் கட்டியதற்குச் சான்று என முன்னர் வாதிட்டனர். கேட்டன்-தாம்சன் அவற்றை வணிகச் சரக்குகளாகக் கண்டு, காலத்தைக் குறிக்கும் முத்திரைகளாகப் பயன்படுத்திக் கொண்டார். மணிகளை ஹொரேசு பெக் என்னும் வல்லுநர் ஆராய்ந்தார். தென் ஆப்பிரிக்கப் பகுதிகளில் கிடைத்த பழைய கண்ணாடி மணிகளுள் பல தெற்காசியாவில் செய்யப்பட்டவை என்பதைப் பிற்கால வேதியியல் பகுப்பாய்வுகளும் காட்டியுள்ளன.

மாத்தெந்தேரே, டுலோ-டுலோ முதலிய பிற கல்மதில் இடங்களையும் ஒப்பீட்டுக்காக ஆராய்ந்தார். பெரும் சிம்பாப்வே தனித்து நிற்கும் புதிர் அன்று. பரந்த நிலப்பகுதியில் ஒரே மரபைச் சேர்ந்த மக்கள் எழுப்பிய பல நகரங்களுள் அதுவே தலைமையானது என்பது இதனால் தெளிவாயிற்று.

பிரிட்டோரியா உரையும் எதிர்ப்பும்

1929 ஆகத்து மாதத்தில் பிரிட்டோரியாவில் நடந்த சங்கக் கூட்டத்தில் கேட்டன்-தாம்சன் தமது முடிவை வெளியிட்டார். ஆராய்ந்த பொருட்களுள் ஒன்றுகூட ஆப்பிரிக்க மூலத்துக்கும் இடைக்காலத்துக்கும் முரணாக இல்லை என்பது அதன் சாரம். கேட்டிருந்தவர்களுள் உடற்கூற்றியலாளர் ரேமண்டு டார்ட்டும் ஒருவர். தாவுங் மண்டையோட்டைக் கண்டறிந்து, மனித இனத்தின் தொட்டில் ஆப்பிரிக்கா என்பதற்கு வழிகாட்டியவர் அவர். வெளிநாட்டுத் தாக்கக் கொள்கையை நம்பிய அவர் கடுமையாகப் பேசிவிட்டு அரங்கைவிட்டு வெளியேறினார் எனப் பத்திரிகைகள் எழுதின. ஆப்பிரிக்காவில் மனிதன் தோன்றினான் என்று சொல்ல முடிந்த ஒருவருக்கு, ஆப்பிரிக்கன் மதில் கட்டினான் என்பதை ஏற்க முடியவில்லை.

1931 இல் ஆய்வறிக்கை நூலாக வெளியானது. அதன்பின் பல ஆண்டுகள் இவருக்கு வசைக் கடிதங்களும் விசித்திரமான கொள்கை விளக்கங்களும் வந்துகொண்டிருந்தன. பைத்தியம் எனப் பெயரிட்ட கோப்பு ஒன்றில் அவற்றை அவர் சேர்த்து வைத்தார்.

முடிவுகளின் மதிப்பீடு

இவருடைய அடிப்படை முடிவு இன்றுவரை நிலைத்துள்ளது. ஆனால் விவரங்கள் அனைத்தும் அவ்வாறில்லை. குடியேற்றத்தின் தொடக்கத்தை அவர் எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளில் வைத்தார். கற்கட்டடங்கள் பதினோராம் நூற்றாண்டுக்கும் பதினைந்தாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை என்பதே பின்னர் பரவலாக ஏற்கப்பட்ட கருத்தாகும். 1958 இல் நடந்த அகழாய்வுகளும் கதிரியக்கக் கரிமக் கணிப்புகளும் இதைச் செம்மைப்படுத்த உதவின. பொன், தந்தம், கால்நடைச் செல்வம் ஆகியவற்றால் வளர்ந்த இவ்வரசு, சொபாலா, கில்வா முதலிய கடற்கரைத் துறைமுகங்களோடு வணிகத்தொடர்பு கொண்டிருந்தது. இதைக் கட்டியவர்கள் இன்றைய சோனா மக்களின் முன்னோர் ஆவர்.

கட்டியவர்களைப் பற்றிய இவருடைய மதிப்பீடும் குறிப்பிடத்தக்கது. அவர்கள் ஆப்பிரிக்கர் என்பதை உறுதியாகச் சொன்ன அதே நூலில், நேர்கோடும் செங்கோணமும் அற்ற அக்கட்டடக்கலை குழந்தைத்தனமான, தருக்கத்துக்கு முந்தைய மனநிலையின் விளைவு என்றும் எழுதினார். வளைந்து செல்லும் மதில் ஒரு தேர்ந்த வடிவமைப்பாக இருக்கலாம் என்பது அவருக்குத் தோன்றவில்லை. இவரை இனவெறிக்கு எதிரான போராளியாகச் சித்திரிக்கும் எழுத்துகள் இதைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. இவர் சான்றுகளுக்குக் கட்டுப்பட்டவர். தமது காலத்தின் எண்ணங்களிலிருந்து முழுமையாக விடுபட்டவர் அல்லர்.

1965 இல் உரோடீசியாவின் வெள்ளையர் சிறுபான்மை அரசு தன்னிச்சையாக விடுதலையை அறிவித்தபின் பழைய சர்ச்சை மீண்டும் உயிர்பெற்றது. கட்டியவர் ஆப்பிரிக்கர் என அதிகார முறை வெளியீடுகளில் திட்டவட்டமாகச் சொல்லக் கூடாது என்ற அழுத்தம் இருந்தது. நினைவுச்சின்னங்களின் மேற்பார்வையாளராக இருந்த பீட்டர் கார்லேக் 1970 இல் பதவியைத் துறந்து நாட்டைவிட்டு வெளியேறினார். 1973 இல் அவர் வெளியிட்ட நூல் கேட்டன்-தாம்சனின் பணியை அடித்தளமாகக் கொண்டது. 1980 இல் நாடு விடுதலை அடைந்தபோது சிம்பாப்வே என்ற பெயரையே சூடிக்கொண்டது. அதன் கொடியிலும் மாக்கற் பறவை இடம்பெற்றது. அப்போது கேட்டன்-தாம்சனுக்கு வயது 92.

கார்காவும் அதரமவுத்தும்

1930 முதல் 1933 வரை கார்ட்னருடன் எகிப்தின் கார்காப் பாலைவனச் சோலையில் பழைய கற்காலத் தடயங்களை ஆராய்ந்தார். பெண் வானோடியான மேரி பெய்லி இதற்காக அங்கே வானூர்தியில் பறந்து ஒளிப்படங்கள் எடுத்தார். இவ்வாய்வு பற்றிய நூல் 1952 இல்தான் வெளிவந்தது.

1937-38 இல் கார்ட்னர், பயண எழுத்தாளர் பிரேயா சுடார்க் ஆகியோருடன் தென் அரேபியாவின் அதரமவுத்துக்குச் சென்றார். குரைதா என்னுமிடத்தில் நிலாக்கடவுள் கோயில் ஒன்றையும் கல்லறைகளையும் பழைய நீர்ப்பாசன அமைப்பையும் அகழ்ந்தார். அப்பகுதியில் முறையாக நடந்த தொடக்ககால அகழாய்வுகளுள் இது ஒன்று. பெரும் சிம்பாப்வேயைக் கட்டியவர்கள் எனப் பலர் கற்பனை செய்த பண்டைத் தென் அரேபியரின் உண்மையான கட்டடங்களைத் தோண்டியவரும் இவரே என்பது ஒரு சுவையான செய்தி. குழுவினருள் நோயும் மனக்கசப்பும் மிகுந்திருந்தன. சுடார்க் தமது பயண நூலில் பெயர் கூறாமல் இவரைக் கேலி செய்துள்ளார். இவருடைய அறிக்கை 1944 இல் வெளியானது.

சிறப்புகள்

அரச மானிடவியல் கழகத்தின் ரிவர்சு பதக்கத்தை 1934 இல் பெற்றார். இப்பதக்கம் பெற்ற முதல் பெண் இவரே. 1940 முதல் 1946 வரை தொல்பழங்காலக் கழகத்தின் தலைவராக இருந்தார். 1944 இல் பிரித்தானிய அகாதமியின் உறுப்பினரானார். 1946 இல் அக்சிலி பதக்கமும், 1954 இல் கேம்பிரிட்ச் பல்கலைக்கழகத்தின் மதிப்புறு முனைவர் பட்டமும் பெற்றார்.

இறுதிக்காலம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் களப்பணியை விட்டு எழுத்தில் ஈடுபட்டார். கேம்பிரிட்சில் நண்பர்களான டி நவாரோ குடும்பத்தினருடன் வசித்துவந்த இவர், 1956 இல் அவர்களுடனேயே வூசுட்டர்சயரின் பிராட்வே சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார். தமது வாழ்க்கை நினைவுகளை எழுதி 1983 இல், 95 ஆவது வயதில் வெளியிட்டார். 1985 ஏப்ரல் 18 அன்று பிராட்வேயில் காலமானார். அடுத்த ஆண்டில் பெரும் சிம்பாப்வேயை யுனெசுக்கோ உலக மரபுக் களமாக அறிவித்தது.